செல்போன் தொலைந்தால் முதல் ஒரு மணி நேரம்

பேருந்திலிருந்து இறங்கிப் பையைத் தடவிப் பார்க்கையில் போன் இல்லையென்றால், நம்மில் பலர் முதலில் வந்த வழியே திரும்பிப் போய்த் தேடுவோம். அப்புறம் பக்கத்துக் கடைக்காரரின் போனை வாங்கி நம் எண்ணுக்கே அழைப்போம். இரண்டு முறை மணி அடிக்கும். மூன்றாவது முறை 'ஸ்விட்ச் ஆஃப்' என்று வரும். வீட்டுக்குப் போவதா, காவல் நிலையத்துக்குப் போவதா என்ற யோசனையில் ஒரு மணி நேரம் ஓடிவிடும். போனை எடுத்தவனுக்கு வேண்டியதும் அந்த ஒரு மணி நேரம்தான்.

பதினைந்தாயிரம் ரூபாய் போன் போனால் பதினைந்தாயிரம் நட்டம், வலித்தாலும் கணக்கு அதோடு முடிந்துவிடும். ஆனால் உள்ளே இருக்கும் சிம் கார்டுக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. வங்கி, ஆதார், மின்னஞ்சல், வாட்ஸ்அப் என்று எல்லா இடத்திலும் 'இது நீங்கள்தானா' என்ற கேள்விக்குப் பதில் அந்த எண்ணுக்கு வரும் ஓடிபிதான். போனுக்கு எவ்வளவு கடினமான பூட்டுப் போட்டிருந்தாலும், சிம்மைக் கழற்றி வேறொரு போனில் போட்டால் ஓடிபி அங்கே வந்து நிற்கும். ஆகவே தொலைந்த பிறகு எதை முதலில் செய்வது என்ற வரிசை தெரிந்திருக்க வேண்டும். தொலைவதற்கு முன்பே சில வேலைகளை முடித்தும் வைத்திருக்க வேண்டும். இரண்டில் முன்னேற்பாடே பெரிது என்பது என் கருத்து. பதற்றத்தில் நிற்பவரால் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

கையில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். போனில் எண்களை அழுத்தும் இடத்தில் *#06# என்று அடித்தால் 15 இலக்கங்கள் கொண்ட ஐஎம்இஐ எண் திரையில் வரும். இரண்டு சிம் போடும் போன் என்றால் இரண்டு எண்கள் வரும், இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். போன் வாங்கிய பில்லிலும் டப்பாவிலும் இதே எண் இருக்கும். ஆனால் டப்பாவைத் தூக்கிப் போடாத வீடு குறைவு. அதே பக்கத்தில் உங்கள் வங்கியின் 24 மணி நேர உதவி எண், சிம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண், கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கின் மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றையும் எழுதுங்கள். இவற்றைப் போனிலேயே சேமித்து வைத்தால் போன் போன அன்று அவையும் போய்விடும். நோட்டுப் புத்தகம் வீட்டில் இருக்கட்டும். வீட்டில் உள்ள இன்னொருவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.

அப்படியே அந்த இன்னொருவரின் எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தரைவழித் தொலைபேசிக் காலத்தில் பத்து எண்களாவது நாக்கு நுனியில் இருந்தன. இன்று கணவனுக்கு மனைவியின் எண் தெரியாது, பிள்ளைக்கு அப்பாவின் எண் தெரியாது. நடுத்தெருவில் நிற்கும்போது யாரோ இரக்கப்பட்டுப் போனைக் கொடுத்தாலும் யாரை அழைப்பது?

அடுத்தது சிம் பூட்டு. இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். போனின் பூட்டு வாசல் கதவு என்றால் சிம் கொல்லைக் கதவு. வாசலில் மூன்று தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவை அப்படியே விட்டிருக்கிறோம். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் போய், பாதுகாப்புப் பகுதியில் 'சிம் லாக்' என்று தேடினால் கிடைக்கும். ஐபோனில் மொபைல் டேட்டா பகுதிக்குள் 'சிம் பின்' என்று இருக்கும். அதை இயக்கும்போது ஏற்கெனவே உள்ள பின் எண்ணைக் கேட்கும். அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், குத்துமதிப்பாக அடித்துப் பார்க்காதீர்கள். மூன்று முறை தவறாக அடித்தால் சிம் பூட்டிக்கொண்டு பியுகே என்ற 8 இலக்க எண்ணைக் கேட்கும். அதையும் பத்து முறை தவறாக அடித்தால் அந்த சிம் நிரந்தரமாகப் பயனற்றுப்போகும். எனவே வாடிக்கையாளர் சேவையை அழைத்து, முதல் பின் எண்ணையும் பியுகே எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, பிறகு உங்களுக்கான புதிய எண்ணை அமையுங்கள்.

இதற்குப் பிறகு உங்கள் சிம்மை யார் கழற்றி எந்தப் போனில் போட்டாலும் பின் எண் இல்லாமல் அது வேலை செய்யாது. ஒரே ஒரு சங்கடம் உண்டு. போனை அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் இந்த எண்ணை அடிக்க வேண்டும், அதுவரை அழைப்பு எதுவும் வராது. நள்ளிரவில் தானாக அப்டேட் ஆகி மீண்டும் இயங்கும் போன்களில் இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். அந்தச் சிறு தொல்லைக்காக இதை விட்டுவிடாதீர்கள். போனுக்குள்ளேயே பதியப்படும் இ-சிம் வைத்திருப்பவர்களுக்கு, அதைக் கழற்ற முடியாது என்பதால் இந்தக் கவலை குறைவு.

போனின் பூட்டுக்கு ஆறு இலக்க எண்ணே நல்லது. விரலால் கோடு போடும் பேட்டர்னைப் பின்னால் நிற்பவர் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார், கண்ணாடியில் விரல் தடமும் பதிந்திருக்கும். பிறந்த நாள், வண்டி எண் வேண்டாம். யுபிஐ பின்னும் போன் பூட்டும் ஒரே எண்ணாக இருக்கவே கூடாது. இரண்டையும் ஒன்றாக வைத்திருந்தால், உங்கள் போனை ஒரு முறை கூட்டத்தில் நீங்கள் திறந்ததைப் பார்த்தவனுக்கு உங்கள் வங்கிக் கணக்கும் திறந்துவிட்டது என்று பொருள்.

பூட்டிய திரையிலும் குறுஞ்செய்தி முழுதாகத் தெரிகிறதா என்று இப்போதே பாருங்கள். தெரிகிறது என்றால் போனைத் திறக்காமலேயே ஓடிபியைப் படித்துவிடலாம். செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய், பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கத்தை மறைக்கும்படி மாற்றுங்கள். பூட்டிய நிலையில் மேலிருந்து இழுத்து ஏரோபிளேன் மோடைப் போட முடிகிறதா என்றும் பாருங்கள். திருடுபவர் முதலில் செய்வது அதைத்தான், அதோடு போன் இணையத்திலிருந்து துண்டிக்கப்படும். ஐபோனிலும் சில ஆண்ட்ராய்டு போன்களிலும் இதைத் தடுக்கும் வசதி செட்டிங்ஸிலேயே இருக்கிறது.

ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு உள்ள போன் என்றால், செட்டிங்ஸில் கூகுள் பகுதிக்குள் 'தெஃப்ட் ப்ரொடெக்ஷன்' என்று தேடுங்கள். அதில் 'ரிமோட் லாக்' என்பதை இயக்கி வையுங்கள். போன் தொலைந்தால், வேறு எந்தப் போனிலிருந்தும் ஆண்ட்ராய்டு டாட் காம், சாய்கோடு, லாக் என்ற முகவரிக்குப் போய் உங்கள் செல் எண்ணைக் கொடுத்துப் போனைப் பூட்டலாம். கூகுள் பாஸ்வேர்டு தேவையில்லை என்பதே இதன் சிறப்பு. பதற்றத்தில் பாஸ்வேர்டு யாருக்கும் நினைவுக்கு வராது. நினைவுக்கு வந்தாலும் 'உங்கள் போனில் வந்த கேள்விக்கு ஆம் என்று அழுத்துங்கள்' என்று கூகுள் தொலைந்த போனையே காட்டக்கூடும். அந்த நிலை வராமலிருக்க, கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் கிடைக்கும் பேக்கப் கோடுகள் பத்தையும் நோட்டில் எழுதி வையுங்கள். ஐபோனில் 'ஃபைண்ட் மை', 'ஸ்டோலன் டிவைஸ் ப்ரொடெக்ஷன்' இரண்டும் இயங்குகின்றனவா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

இனி போன் உறை. பின்பக்கம் பை வைத்த உறை வாங்கி, அதற்குள் ஏடிஎம் கார்டும் ஆதார் அட்டையும் வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் ஊரில் பரவிவிட்டது. இதைவிட ஆபத்தான பழக்கம் எனக்குத் தெரியவில்லை. யுபிஐ பின்னைப் புதிதாக அமைக்கக் கேட்கப்படுவது ஏடிஎம் கார்டின் கடைசி ஆறு இலக்கமும், அது காலாவதியாகும் மாதம் ஆண்டும், ஓர் ஓடிபியும். சில வங்கிகள் மட்டும் ஏடிஎம் பின்னையும் கேட்கும். கார்டு இல்லாமல் ஆதார் வழியாகவும் யுபிஐ பின் அமைக்கலாம். போன், சிம், கார்டு, ஆதார் நான்கையும் ஒரே உறைக்குள் போட்டுத் தொலைப்பது சாவியோடு பெட்டியைக் கொடுப்பதேதான். கார்டு தனியாக இருக்கட்டும். கேலரியில் இருக்கும் ஆதார், கார்டு படங்களையும் அழித்துவிடுங்கள். டிஜிலாக்கர் இருக்கும்போது அந்தப் படங்களுக்கு வேலையில்லை.

சம்பளமோ பென்ஷனோ வந்து விழும் கணக்கையே யுபிஐயில் இணைத்திருப்பவர்கள், சாத்தியமானால் சிறு தொகை மட்டும் இருக்கும் இன்னொரு கணக்கை அதற்கு வைத்துக்கொள்ளலாம். பின் கேட்காமலேயே பணம் போகும் யுபிஐ லைட்டில் காய்கறிக்கும் டீக்கும் வேண்டிய அளவு மட்டும் போட்டு வையுங்கள். வாட்ஸ்அப்பில் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போட மறக்க வேண்டாம்.

தொலைந்தது தெரிந்த நிமிடத்திலிருந்து

ஒரே ஒரு முறை உங்கள் எண்ணுக்கு அழைத்துப் பாருங்கள். ஆட்டோவிலோ கடையிலோ விட்டிருந்தால் நல்லவர் யாராவது எடுப்பார். எடுக்கவில்லையென்றால் தேடுவதை நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் போனைத் தூரத்திலிருந்து பூட்டுங்கள். மேலே சொன்ன ரிமோட் லாக் இரண்டு நிமிட வேலை. சிம்மை முடக்குவதற்கு முன் இதைச் செய்வதற்குக் காரணம் உண்டு. சிம்மை முடக்கினால் அந்தப் போனுக்கு மொபைல் இணையமும் நின்றுவிடும், பிறகு உங்கள் கட்டளை அதற்குப் போய்ச் சேராது. ஆனால் இதிலேயே மல்லுக்கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் ஆகவில்லையென்றால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கூட இருவர் இருந்தால் ஒருவர் பூட்டட்டும், மற்றவர் வங்கியை அழைக்கட்டும்.

இரண்டாவது வங்கி. அழைத்ததும் 'போன் தொலைந்துவிட்டது' என்று மட்டும் சொன்னால் போதாது. யுபிஐ, மொபைல் பேங்கிங், ஏடிஎம் கார்டு மூன்றையும் முடக்கும்படி பெயர் சொல்லிக் கேளுங்கள். சிம்மை முடக்கினாலே பணம் பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. ஏற்கெனவே அமைக்கப்பட்ட யுபிஐ செயலிக்கு வைஃபை கிடைத்து, பின் எண்ணும் தெரிந்துவிட்டால் ஆபத்து நீடிக்கிறது. புகார் எண்ணையும், அழைத்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை வங்கிகளில் கணக்கு இருக்கிறதோ அத்தனைக்கும் அழையுங்கள்.

அந்த நேரக் குறிப்பு ஏன் முக்கியம் என்றால், 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இதில் நமக்குத் துணை நிற்கிறது. வாடிக்கையாளர், வங்கி இருவர் மீதும் தவறில்லாமல் மூன்றாம் நபரால் பணம் எடுக்கப்பட்டு, அந்தத் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் வங்கியிடம் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு நட்டமே வரக் கூடாது. பின்னை நாமே யாருக்காவது சொல்லிவிட்டது போன்ற கவனக்குறைவு இருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் நம்முடைய நட்டம். தெரிவித்த பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். கிளையில் யாராவது 'எங்களால் ஒன்றும் செய்ய முடியாது' என்று கைவிரித்தால் இந்தச் சுற்றறிக்கையைச் சொல்லி எழுத்தில் பதில் கேளுங்கள்.

மூன்றாவதாக சிம். அதே நிறுவனத்தின் சிம் உள்ள இன்னொரு போனிலிருந்து 198க்கு அழைத்து, உங்கள் விவரங்களைச் சொல்லி எண்ணை முடக்கச் சொல்லுங்கள். ஷோரூம் பக்கத்தில் இருந்தால் நேரே போய்விடலாம்.

பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே 1930. இது நாடு முழுவதற்குமான இணையக் குற்ற உதவி எண். தொகை, நேரம், வங்கி, பரிவர்த்தனையின் 12 இலக்கக் குறிப்பு எண் ஆகியவற்றைக் கேட்பார்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கும்போதே அந்த வங்கிகளுக்குச் சொல்லி நிறுத்தி வைக்கும் ஏற்பாடு இதன் பின்னால் இருக்கிறது. யாராவது ஏடிஎம்மில் ரொக்கமாக எடுத்துவிட்டால் நிறுத்துவதற்கு எதுவும் இருக்காது. எனவே முழு விவரம் கைக்கு வரட்டும் என்று காத்திருக்காமல் தெரிந்ததைச் சொல்லிப் புகாரைப் பதியுங்கள்.

வரைபடத்தில் உங்கள் போன் இருக்கும் இடம் புள்ளியாகத் தெரிந்தால் அங்கே தனியாகப் போகாதீர்கள். அந்தப் புள்ளி பக்கத்துத் தெருவைக்கூடக் காட்டலாம். போய்க் கதவைத் தட்டினால் தவறான வீட்டில் தகராறு, சரியான வீட்டில் அதைவிடப் பெரிய ஆபத்து. படம் எடுத்துக் காவல் நிலையத்தில் கொடுங்கள்.

காவல் நிலையமும் மறுநாள் வேலைகளும்

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். கைமறதியாகத் தொலைத்திருந்தால் அது போதும். வண்டியில் வந்து பறித்துக்கொண்டு போயிருந்தால் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், முதல் தகவல் அறிக்கை கேளுங்கள். 'தொலைந்துவிட்டது என்றே எழுதிக் கொடுங்கள்' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பறிப்பு குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 304ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது. எல்லை எங்களுடையதல்ல என்று திருப்பி அனுப்பவும் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். ரயிலில் நடந்திருந்தால் 139க்கு அழையுங்கள்.

பிறகு ஆதாருடன் ஷோரூம் போய் அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்குங்கள். சிம் சில மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கினாலும் குறுஞ்செய்தி வர 24 மணி நேரம் வரை ஆகலாம். உங்கள் பெயரில் வேறு யாரோ சிம் வாங்கி ஓடிபி பெறுவதைத் தடுக்கத்தான் இந்த விதி, சிம் பழுது என்று பதற வேண்டாம். வாட்ஸ்அப்பை இந்த எண்ணில் மீண்டும் பதிந்தவுடன் பழைய போனில் அது தானாக வெளியேறிவிடும்.

குறுஞ்செய்தி வரத் தொடங்கியதும் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்துக்குப் போங்கள். 2023 மே மாதம் நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்ட இந்தத் தளத்தில், தொலைந்த போனை முடக்கும் சிஇஐஆர் பகுதி இருக்கிறது. ஐஎம்இஐ எண், புகார் நகல், அடையாள அட்டை, ஓடிபி பெற உங்கள் எண் இவை தேவை. விண்ணப்பித்த 24 மணி நேரத்துக்குள் அந்தப் போன் இந்தியாவின் எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாதபடி முடக்கப்படும். யாராவது அதில் வேறு சிம் போட்டால் தகவல் காவல்துறைக்குப் போகும். இது போனின் உள்ளே இருக்கும் படங்களையும் தகவல்களையும் காக்காது, வைஃபையில் போன் இயங்கவும் செய்யும் என்பது நினைவிருக்கட்டும். விண்ணப்ப எண்ணைப் பத்திரமாக வையுங்கள். போன் திரும்பக் கிடைத்தால் முடக்கத்தை நீக்க அதே எண் வேண்டும்.

அடுத்த சில நாட்களில் உங்கள் எண்ணுக்கோ, குடும்பத்தினர் யாருக்கோ 'உங்கள் போன் கிடைத்துவிட்டது, இந்த லிங்கைத் தொடவும்' என்று செய்தி வரலாம். ஐபோன் தொலைத்தவர்களுக்கு இது அதிகம் வருகிறது. ஆப்பிள் பாஸ்வேர்டைப் பறித்து, போனின் பூட்டை நீக்கி விற்பதற்கான தூண்டில் அது. 'போன் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, பூட்டு எண்ணைச் சொல்லுங்கள், உங்கள் வீட்டுக்கு அழைக்கிறேன்' என்று அன்பாகப் பேசுபவருக்கும் எண்ணைச் சொல்லாதீர்கள். 'காவல் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன்' என்பதே பதில். ஆப்பிள் கணக்கிலிருந்து அந்தப் போனை நீக்கவும் வேண்டாம், நீக்கினால் பூட்டு போய்விடும்.

பழைய போன் வாங்குவோருக்கு

திருடிய போனுக்குச் சந்தை இருப்பதால்தான் திருட்டு நடக்கிறது. பழைய போன் வாங்கும்போது *#06# அடித்து எண்ணைப் பாருங்கள். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும், ஓர் இடைவெளியும், அந்த 15 இலக்க எண்ணும் தட்டச்சு செய்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அது முடக்கப்பட்ட போனா என்று பதில் வரும். பில் தர மறுக்கும் கடையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். ஐஎம்இஐ எண்ணை மாற்றுவது 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கக்கூடிய குற்றம்.

பெற்றோரின் போன்

இதையெல்லாம் இளைஞர்கள் தங்கள் போனுக்குச் செய்துகொள்வார்கள். ஊரில் இருக்கும் அப்பா, அம்மாவின் போன்தான் என் கவலை. பென்ஷன் கணக்கு அதில்தான் இருக்கிறது. பூட்டு இருக்காது, இருந்தால் 1234. எண்ணை மறந்துவிடுவோம் என்ற பயத்தில் யுபிஐ பின்னை உறைக்குள் சீட்டில் எழுதி வைத்திருப்பார்கள். தொலைத்துவிட்டால் பிள்ளைகள் திட்டுவார்களே என்று தயங்கி மாலை வரை சொல்லாமலும் இருப்பார்கள். அந்தத் தயக்கத்தைப் போக்குவது நம் பொறுப்பு. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சிம் பூட்டைப் போட்டுக் கொடுங்கள், சீட்டை எடுத்து நோட்டுப் புத்தகத்துக்கு மாற்றுங்கள், உங்கள் எண்ணையும் வங்கி எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிக் காலண்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். 'தொலைந்தால் உடனே என்னிடம் சொல்லுங்கள், ஒரு வார்த்தை திட்ட மாட்டேன்' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வாருங்கள்.